தவிட்டுத் தராசில் சின்னவன்

2025 ஜூன் 14, சனி

கடைத் தராசில் சின்னவனை ஏற்றினேன். 23.4 கிலோ. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை மூட்டை மட்டுமே ஏறுகிற தராசு. இறங்கினதும் கடைப் பூனையை ஏற்றப் பார்த்தான், அது மூட்டை சந்துக்குள் ஓடிவிட்டது.

மாத்திரை தொடங்குகிற அன்றைக்கே எடையும் உயரமும் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார் கோயமுத்தூர் டாக்டர். உயரத்துக்குக் கடைக் கதவு நிலையில் பென்சில் கோடு. 124 சென்டிமீட்டர். வயது எட்டு.

மாத்திரை மெத்தில்ஃபெனிடேட். கவனம் ஓரிடத்தில் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத கோளாறு. ஏடிஎச்டி என்று அதற்குப் பெயர் சொல்லி முடிப்பதற்கே எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு, மாத்திரை வாங்க அலைந்தது தனிக் கதை. இங்கே கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் ஏறி இறங்கின கடை எதிலும் இல்லை. எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாட்டோடு விற்கிற மருந்து. விற்கத் தனி உரிமம் வேண்டும். டாக்டர் சீட்டு இரண்டு பிரதி, அதில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடைசியில் கோயமுத்தூரிலேயே வாங்கிக்கொண்டு வேலந்தாவளம் வழியாக வந்து சேர்ந்தோம்.

ஜூன் 19, வியாழன்

கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறான். முழுப் பக்கம்! வீட்டுக்காரி அதை இரண்டு தடவை கையால் தடவிப் பார்த்தாள்.

அதே பையில் டிபன் பாக்ஸ். திறந்தால், காலையில் அடைத்த தயிர்சோறு அப்படியே. நடுவில் மட்டும் ஸ்பூனால் கிணறு மாதிரி ஒரு குழி. தயிர் காய்ந்து ஓரமெல்லாம் வெடித்திருந்தது. மாங்காய்த் துண்டை மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தான். அரை மணி நேரம் உட்கார்ந்து விளையாடியிருக்கிறானே ஒழிய, நாலு பருக்கைகூட உள்ளே போகவில்லை. “பசிக்கலப்பா.” அவ்வளவுதான் பதில்.

ஜூன் 24, செவ்வாய்

உடுமலையிலிருந்து அத்தை வந்திருக்கிறார். மத்தியானம் டீச்சர் கூப்பிட்டார், போனை எடுத்தது அத்தை. “இன்னும் கழிச்சில்லா” என்றிருக்கிறார் டீச்சர். இன்றைக்கும் சாப்பிடவில்லை என்பதுதான் அந்த மலையாளத்துக்குப் பொருள். அத்தைக்குக் காதில் விழுந்தது கழிச்சல். நான் கடையடைத்து ஓடி வருவதற்குள் மாதுளந்தோல் கஷாயம் அடுப்பில் கொதிக்கிறது.

சிரித்து முடித்த பிறகு அத்தை கேட்டார்: “ஏனுங்க மாப்ளே, வவுத்தக் கட்டிப்போடற மாத்திரையக் குடுத்துத்தான் படிக்க வெக்கோணுமா?” பதில் சொல்ல வரவில்லை.

ஜூலை 5, சனி

22.5. மூன்று வாரத்தில் 900 கிராம். மூட்டையில் இவ்வளவு குறைந்தால் சப்ளைக்காரரோடு சண்டைக்குப் போவேன்.

வியாழக்கிழமை நானே மத்தியானம் ஸ்கூலுக்குப் போய் ஊட்டிவிட்டேன். கூட்டாளிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, ஒரு உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னையே பார்த்தான். மெல்லவுமில்லை, முழுங்கவுமில்லை. நான் திரும்பினதும் வேலியோரம் துப்பிவிட்டான். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பண்ணியிருக்கக் கூடாத காரியம்.

ஜூலை 12, சனி

டாக்டரிடம் எடை குறித்த நோட்டை நீட்டினேன். அவர் முதலில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்தார், அப்புறம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், அதற்கப்புறம்தான் எடை. இந்த மருந்துக்கு அடிக்கடி வருகிற தொந்தரவு பசி மந்தம்தான் என்றார். மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்கிற ரசாயனங்கள் கூடும்போது கவனம் நிற்கிறது, கூடவே பசியும் அடங்குகிறது. மருந்தின் வேகம் இறங்கினதும் பசி ஏறும். நிறையக் குழந்தைகளுக்கு முதல் சில மாதத்தில் இது கொஞ்சம் மட்டுப்படும்.

வளர்ச்சி குன்றிவிடுமா என்று கேட்டேன். மழுப்பாமல் சொன்னார். அமெரிக்காவில் 7 முதல் 9 வயதுக் குழந்தைகள் 579 பேரை வைத்துத் தொடங்கின பெரிய ஆய்வு ஒன்று. மூன்று வருஷத்தில், மருந்தே எடுக்காதவர்களைவிடப் புதிதாக மருந்து தொடங்கித் தொடர்ந்து எடுத்தவர்கள் சுமார் 2 சென்டிமீட்டர் உயரமும் 2.7 கிலோ எடையும் பின்தங்கியிருந்தார்கள். “இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் அளந்துகிட்டே இருக்கோம்.”

அவர் எடுத்தது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணை. அதில் இவனுக்கு ஒரு புள்ளி வைத்தார். ஒரு புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். கோடு சரிந்துகொண்டே போனால் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். ஆனால் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம் என்றார்.

“மத்தியானத்தோட சண்டை போடாதீங்க. மாத்திரைக்கு முன்னால ஒரு நல்ல சாப்பாடு, அது இறங்கின பிறகு இன்னொண்ணு. இடையில அவன் கேட்டதைக் கொஞ்சமாக் குடுங்க.”

இதை ஜூன் மாதமே சொல்லியிருந்தால் வேலியோரம் துப்பின சோறு மிச்சமாகியிருக்கும். சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை என்கிறாள் வீட்டுக்காரி.

ஜூலை 14, திங்கள்

ஆறே முக்காலுக்கு முட்டை தோசை இரண்டு, நெய் விட்டு. மேலே ஒரு டம்ளர் பால். அதற்குப் பிறகுதான் மாத்திரை. முன்பெல்லாம் கண் விழித்ததும் கொடுத்துவிடுவோம், அதில் காலைச் சாப்பாடும் பாதி போய்க்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸைச் சின்னதாக மாற்றியாச்சு: கடலை உருண்டை இரண்டு, நேந்திரம்பழம் பாதி. ஸ்கூலில் பால் கொடுக்கிற நாளில் பாலை மட்டும் குடித்துவிடுகிறான் என்கிறார் டீச்சர்.

ஐந்து மணிக்குச் சிடுசிடுப்பு. யார் பேசினாலும் எரிந்து விழுகிறான். மருந்து இறங்குகிற நேரம். ஏழரைக்குச் சோறு. ஒன்பது மணிக்குப் பார்த்தால் அடுக்களை வாசலில் நிற்கிறான்: “இன்னொரு தோசை.” எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு அடுப்பை மூட்டுகிற வழக்கமே கிடையாது. அத்தை ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்க் கல்லைப் போட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

23.3 காட்டியது. நான் கைதட்டிவிட்டேன். தராசிலிருந்து குதித்தான், டிரவுசரில் கிணுங்கென்று சத்தம். பைக்கு ஒன்றாக இரண்டு படிக்கல், 200 கிராம் கல். பழைய கைத்தராசோடு மேல் தட்டில் கிடந்தவை. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்திருக்கிறான்.

“கம்மியாக் காட்டினா நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே.”

கல் இல்லாமல் 22.9. அதுவும் ஏற்றம்தான். ஆனால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இனி வாராவாரம் நிறுத்துப் பார்ப்பதில்லை, மாதம் ஒருமுறை போதும். கல்லை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாலக்காட்டுப் பக்கம் இட்லிக்குப் பேர்போன ராமசேரி போனோம். அந்த இட்லி எப்படிச் செய்கிறார்கள் என்று அவனுக்குப் பார்க்க வேண்டுமாம். மண்பானை வாயில் நூல் வலை, அதன் மேல் துணி, துணியில் மாவு. தோசையும் இல்லை, இட்லியும் இல்லை என்கிற மாதிரி தட்டையாக எழும்பி வருகிறது. காலை ஏழரைக்கு அங்கேயே நாலு தின்றான். அப்புறம்தான் மாத்திரை. நானும் அவனுக்குத் துணையாக ஆறு.

செப்டம்பர் 5, வெள்ளி

திருவோணம். ஓணம் லீவு முழுக்க மாத்திரை வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். இலையில் முதலில் பாயசத்தில்தான் கை வைத்தான். மூன்று தடவை வாங்கினான். அவியல், எரிசேரி, பப்படம், எதையும் விடவில்லை. மத்தியானத்தில் இவன் மெல்வதைப் பார்த்து மூன்று மாதம் ஆகிவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பந்து ரோட்டுக்கு ஓடியது, பின்னாலேயே அவன். பால் வண்டிக்காரர் பிரேக் அடித்ததால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. வீட்டுக்காரி ரொம்ப நேரம் நடுங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி அத்தை கேட்டார்: “நாளைக்கு ஸ்கூலுதானுங்களே? மாத்திரை இருக்குதுங்களா?”

அக்டோபர் 11, சனி

24.1 கிலோ. 125.5 சென்டிமீட்டர். கோடு மேலே போகிறது, கொஞ்சம் சாய்வாக. டாக்டர் இரண்டாவது புள்ளி வைத்துச் சேர்த்துக் காட்டினார். மறுபடி ஜனவரியில் வரச் சொல்லியிருக்கிறார். நடுவில் எடை இறங்கினால் உடனே கூப்பிட வேண்டும்.

வந்ததும் கடையைத் திறந்தேன். புண்ணாக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான். தராசின் மேல் கருவாட்டுத் துண்டு ஒன்று, அதைத் தின்றுகொண்டு பூனை.

“2.85ப்பா. நோட்டுல எழுதிக்கோ.”