நடந்து போனால் நலம் விசாரிக்கும் ஊர்

"கார் பழுதாகி விட்டதா? எங்கே போக வேண்டும், ஏறுங்கள்" என்று அந்தப் பெண்மணி கேட்டபோது என் கையில் ஒரு பால் கலனும் கொத்தமல்லிக் கட்டும்தான் இருந்தன. டாலஸுக்கு வடக்கே நாங்கள் குடிவந்திருக்கும் புறநகரில், கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். கடைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு மைல்கூட வராது. அவரோ தன் பெரிய பிக்கப் வண்டியை ஓரம் கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். "இல்லை, சும்மா நடக்கிறேன், வீடு அதோ தெரிகிறது" என்றேன். அவர் முகம் தெளியவில்லை. ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டி, கவனமாகப் போகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கொத்தமல்லியை அலசும்போதுதான் ஏனோ நெஞ்சு கனத்தது. லண்டனில் இத்தனை வருடங்கள் இருந்தேன். கடைக்கு நடந்து போன என்னை அங்கே யாரும் இரக்கத்தோடு பார்த்ததில்லை.

ஈஸ்ட்ஹாமில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஸ்டேஷனை விட்டு ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இறங்கினால் நடைபாதையில் பாதி மரக்கறிப் பெட்டிகள்தான். முருங்கைக்காயைத் தட்டிப் பார்க்கிறவர், கைபேசியில் யாழ்ப்பாணத்தோடு உரத்துக் கதைக்கிறவர், நகைக்கடை வாசலில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிற குடும்பம். பால் வாங்கப் போனால் நாலு பேரைக் கண்டு, யார் வீட்டில் கல்யாணம், யாருக்குச் சுகமில்லை என்று கேட்டுத்தான் திரும்ப முடியும். மழை தூறினாலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் மேனர் பார்க் முருகன் கோயிலுக்கும் நடைதான். கோயில் தேர் வரும் நாளில் அந்தத் தெருக்களில் வடம் பிடிக்கிறவர்களோடு நடந்திருக்கிறேன். வெள்ளைக்காரக் கிழவிகள் வீட்டு வாசலில் கதிரை போட்டுப் பார்ப்பார்கள்.

இங்கே எங்கள் குடியிருப்புக்குள் நடைபாதை வடிவாக இருக்கிறது. இரண்டு பக்கமும் வெட்டிய புல், நிழலுக்கு ஓக் மரம், எல்லாம் உண்டு. ஆனால் பெரிய வீதிக்கு வந்து கொஞ்ச தூரம் போனால், வெறும் காணி ஒன்று தொடங்கும் இடத்தில் நடைபாதை பட்டென்று நின்றுவிடுகிறது. அந்தக் காணியில் யாராவது கடை கட்டும்போதுதான் அதன் முன்னால் நடைபாதையும் வருமாம். அதுவரை புல்லில் இறங்க வேண்டும். புல்லுக்குள் நெருப்பெறும்புப் புற்று இருக்கிறது. டெக்சாஸ் நெருப்பெறும்பு கடித்தால் அடுத்த நாள் வெள்ளைக் கொப்புளமாக எழும்பும். இங்கே பிள்ளைகளுக்குக்கூட முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

சரி, எறும்பைத் தாண்டினால் சந்தி. ஆறு தடங்கள், நடுவில் ஒரு திட்டு. அதிகபட்ச வேகம் மணிக்கு 45 மைல். லண்டனில் பல தெருக்களில் இப்போது 20தான். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்து நின்றால் வெள்ளை மனித உருவம் வரும். இரண்டு தடம் கடப்பதற்குள் சிவப்புக் கை துடிக்கத் தொடங்கி, எண்கள் இறங்கும். அமெரிக்க வீதி விதிமுறைகளில் நடக்கிறவர் ஒரு செக்கனுக்கு 3.5 அடி போவார் என்றுதான் நேரம் கணக்கிடுகிறார்கள். முழங்கால் நோவு உள்ள என் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு கடினமானது.

அதைவிடப் பெரிய பயம், சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்து வலது பக்கம் திரும்பலாம் என்ற சட்டம். 1970களின் எண்ணெய் நெருக்கடியில் பெற்றோல் மிச்சம் பிடிக்க நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது. 1975இல் வந்த எரிசக்திச் சட்டம் மாநிலங்களை அந்தப் பக்கம் தள்ளியது. நியூயோர்க் நகரத்தில் இன்றும் பொதுவாக அனுமதி இல்லை. மற்றப் பெரும்பாலான இடங்களில் காரோட்டி இடப் பக்கம் வாகனம் வருகிறதா என்று பார்த்தபடியே வலப் பக்கம் திருப்புகிறார். நான் நிற்பதோ அந்த வலப் பக்கத்தில். இங்கே ஒரு காரோட்டியின் கண்ணைப் பிடித்த பிறகுதான் காலை வைக்கிறேன். லண்டனில் மஞ்சள் உருண்டை விளக்கு மினுங்கும் வரிக்குதிரைக் கோட்டில் கால் வைத்தால், இரட்டைத்தட்டு பஸ்கூட அடங்கி நிற்கும். அந்த உருண்டை விளக்கைக் கொண்டு வந்தவர் 1934இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஹோர்-பெலிஷா. அவருக்கு நான் இங்கே வந்துதான் மனதார நன்றி சொன்னேன்.

மற்ற விஷயங்களில் நான் பழகிவிட்டேன், சொல்லப்போனால் சிலவற்றில் மகிழ்ச்சியே. விலைச்சீட்டில் இருப்பது ஒன்று, காசாளர் கேட்பது ஒன்று. விற்பனை வரி 8.25 சதவீதம் கடைசியில்தான் ஏறும். அதற்கு மனக்கணக்கு வந்துவிட்டது. கேத்தலில் தண்ணீர் கொதிக்க லண்டனில் எடுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. இங்கே மின்சாரம் 120 வோல்ட், கேத்தல் பெரும்பாலும் 1500 வாட், அங்கே 3000. அந்த நேரத்தில் பாத்திரம் கழுவி முடிக்கிறேன். வங்கியில் காரை விட்டு இறங்காமலே பணம் போடலாம். ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் காசோலையை வைத்துக் குழாயில் விட்டால், காற்று அதை உஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டு கட்டடத்துக்குள் போகிறது. சற்றுப் பொறுத்து அதே உருளை இரசீதோடும், பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்தால் இனிப்போடும் திரும்பி வந்து விழுகிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வங்கியிலும் பணம் போட்டதில்லை.

மனிதர்களும் அப்படித்தான். லண்டனில் பக்கத்து வீட்டுக்காரரோடு வருடக்கணக்காக மழையையும் குப்பை வண்டி வரும் நாளையும் பற்றி மட்டுமே கதைத்தோம். இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் சந்திப்பிலேயே தன் இருதய ஆபரேஷன், மகளின் விவாகரத்து, நாயின் வயிற்றுக் கோளாறு எல்லாம் சொல்லி முடித்தார். அடுத்த நாள் பீக்கன் கொட்டை போட்ட இனிப்புப் பலகாரம் கொண்டு வந்தார். கடையில் காசு வாங்குகிற பிள்ளை என் சேலையைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்கிறாள், சொல்லும்போது முகம் மலர்கிறது. இப்படிக் கதைக்கிற மனிதர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் காருக்குள் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வழியில் கண்டால் எவ்வளவு கதைக்கலாம்!

நடக்கவே மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. சனிக்கிழமை காலையில் பூங்காவுக்கு வருகிறார்கள். காரில் வந்து, நாயை இறக்கி, குளத்தைச் சுற்றி இரண்டு வட்டம் விறுவிறுவென்று நடந்து, நாயை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். கோடையில் வெயில் 100 பாகை ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் (நமக்கு 38 செல்சியஸ்), அப்போது மூத்தவர்கள் மூடிய வணிக வளாகத்துக்குள் நடக்கிறார்கள். கடைகள் திறக்க முன்னரே கதவு திறந்து விடுகிறார்கள். இவரும் அங்கே போகத் தொடங்கியிருக்கிறார். நடப்பதற்காகக் கார் எடுத்துப் போகும் இவரை வாசலில் நின்று வழியனுப்பும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவருக்கும்தான்.

பஸ் பிடித்துப் போகலாமே என்று கேட்பீர்கள். டாலஸில் டார்ட் என்ற பஸ், ரயில் நிறுவனம் 1983இலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த ஊர்கள் விற்பனை வரியில் டொலருக்கு ஒரு சதம் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் சேரவில்லை. அந்த ஒரு சதத்தை வேறு வளர்ச்சி வேலைகளுக்கு எடுத்துக்கொள்கிறது. பக்கத்து ஊரில் பஸ் ஓடுகிறது, எல்லைக் கோட்டில் திரும்பிவிடுகிறது. நாங்கள் மட்டுமில்லை, கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் வாழும் ஆர்லிங்டனிலேயே வழக்கமான வழித்தட பஸ் கிடையாது, கைபேசியில் கூப்பிட்டால் வரும் வான்தான். வீடுகள் ஒரு பக்கம், கடைகள் ஒரு பக்கம், வேலைத்தலம் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பிரித்துக் கட்டிய ஊரில், கார் ஓட்ட முடியாத முதியவரும் பதின்வயதுப் பிள்ளையும் யாராவது கூட்டிப் போகும்வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான். இதை நான் சாதாரணக் குறையாக நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கண் மங்கி வருகிறது. லைசென்ஸ் போய்விட்டால் தான் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

எங்கள் தெருவுக்கு வரும் ஒரே பஸ் பள்ளிக்கூட பஸ்தான். அது வரும் நேரத்தில் காலைத் தேத்தண்ணியோடு வாசலில் நிற்பேன். அமெரிக்கா முழுக்க இவற்றுக்கு அந்த ஒரே மஞ்சள் நிறம். 1939இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் கூட்டிய மாநாட்டில் தீர்மானித்தார்களாம், விடிகாலை மங்கலிலும் கண்ணில் படும் என்று. பஸ் நின்றதும் பக்கவாட்டில் நிறுத்தப் பலகை ஒரு கை போல விரியும், சிவப்பு விளக்குகள் மாறி மாறி மினுங்கும். நடுத்திட்டு இல்லாத வீதி என்றால் இரண்டு பக்கமும் வருகிற கார்கள் அத்தனையும் நிற்க வேண்டும். நிற்கின்றன. பெரிய பிக்கப் வண்டிகள் எல்லாம் மூச்சுப் பிடித்து நிற்க, தன்னைவிடப் பெரிய முதுகுப்பையோடு ஒரு சின்னவன் ஆடி அசைந்து வீதியைக் கடப்பான். நடுவில் நின்று சப்பாத்துக் கயிற்றைப் பார்ப்பான். யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. பிரித்தானியாவில் இப்படி ஒரு சட்டம் இல்லை. ஒரு நாட்டுக்கு இது பெருமை என்றுதான் நினைக்கிறேன். அந்த மரியாதையில் கொஞ்சம் பள்ளிக்கூடம் முடித்தவர்களுக்கும் தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

காரோட்டவும் பழகிவிட்டேன், வீதியின் வலது பக்கமும் பழகிவிட்டது, இனி இதுதான் எங்கள் ஊர் என்று இவரிடம் சொன்னது போன கிழமைதான். சொல்லி வாய் மூடவில்லை, அக்கா ஈஸ்ட்ஹாமில் இருந்து அழைத்தாள். அவள் பஸ்ஸில் இருந்தாள். பேச்சுக்கு நடுவே பின்னால் அந்தக் குரல்: "147 டு கானிங் டவுன்." "கொஞ்சம் பொறு அக்கா, போனை வை​க்காதே, அடுத்த தரிப்பிடம் சொல்லட்டும்" என்றேன். இரண்டு தரிப்பிடம் வரைக்கும் நாங்கள் கதைக்கவில்லை. மணி அடித்தது, கதவு திறந்தது, யாரோ "தேங்க் யூ டிரைவர்" என்று சொல்லி இறங்கினார்கள்.

எனக்கு லண்டன் பிடிபட்டதே பஸ்ஸில்தான். 1990களில் போய் இறங்கியபோது பின்பக்கம் திறந்த பழைய ரூட்மாஸ்டர்கள் நகருக்குள் ஓடிக்கொண்டிருந்தன. 2005 கடைசியில்தான் அவற்றை வழக்கமான சேவையிலிருந்து நிறுத்தினார்கள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகையில் முதன்முதலில் ஏறியபோது யாழ்ப்பாணத்துக் கொடிகாமம் தட்டிவான் (எங்கள் ஊர்ப் பழைய திறந்த பயணிகள் வண்டி) ஞாபகம் வந்து கண் கலங்கியது. பருத்தித்துறைக்குப் போகும் தட்டிவானில் அம்மாவின் மடியில் வாழைக்குலை, என் மடியில் கோழி. குளிர் நாட்டில், ஒரு சிவப்பு பஸ்ஸின் பின்பலகையில், அந்தக் கோழியின் சூடு தொடையில் தெரிந்தது. ஆங்கிலம் சரியாக வராத காலத்தில் மேல்தட்டு முன் இருக்கையில் இருந்து, ஜன்னலுக்கு வெளியே தெரியும் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்தேன். வீட்டு வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கும் இடம் தீர்மானிக்காமல் ஏறுவேன். இப்போது ஒரே கட்டணத்துக்கு ஒரு மணித்தியாலம் மாறி மாறி ஏறலாம். அக்காவுக்கு 60 தாண்டிவிட்டதால் காலை நெரிசல் நேரம் போக இலவசம். அந்த அட்டையைக் கைப்பையில் தனிப் பையில் வைத்திருக்கிறாள்.

அவள் வருகிற மாதம் எங்களிடம் வருகிறாள். "ஏர்போட்டிலிருந்து உன் வீட்டுக்கு எத்தனையாம் நம்பர் பஸ்?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. காரில் அரை மணித்தியாலம், நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று இவர் உடனே சொன்னார். நான் விடவில்லை. தேடிப் பார்த்ததில் டார்ட்டின் ஆரஞ்சு லைன் ரயில் விமான நிலையத்தின் டெர்மினல் ஏ பக்கத்திலேயே புறப்படுகிறது. டாலஸ் நகருக்குள் வந்து சிவப்பு லைனுக்கு மாறினால் பிளேனோ பார்க்கர் ரோட் வரை வரலாம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். இவர் அவளுடைய பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்து அந்த ஸ்டேஷனில் நிற்கட்டும். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்து, டெக்சாஸைப் பார்த்துக்கொண்டே ரயிலில் வருவோம்.