காந்தள் தொட்டி: ஆடி முதல் மாசி வரை

ஜூலை 19
மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், பயிரிடும் விவசாயி ஒருவரிடமிருந்து நான்கு கிழங்குகளை வாங்கிக்கொண்டு திண்டுக்கல் திரும்பினேன். காட்டிலிருந்து தோண்டித் தருவதாக வேறொருவர் முன்பே சொல்லியிருந்தார். வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். கிழங்குக்காகத் தோண்டித் தோண்டியே, ஒரு காலத்தில் வேலியோரமெல்லாம் படர்ந்து கிடந்த செங்காந்தள் பல இடங்களில் அருகிவிட்டது. நம் மாநில மலரை அது இருக்கும் இடத்திலிருந்து பெயர்த்து வந்து என் வீட்டில் அழகு பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கிழங்கு கலப்பையைப் போல வளைந்து இரு கைகளாகப் பிரிந்திருக்கிறது. கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால்தான் வந்தது. முளை கையின் நுனியில் மட்டுமே இருக்கும். நுனி ஒடிந்தால் அந்தக் கையிலிருந்து கொடி வராது என்பதால், பேருந்தில் வரும் வழியெல்லாம் பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 20
செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து, தொட்டியின் அடித்துளைகள் அடைபடாதபடி ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, கிழங்குகளைப் படுக்கை வாட்டில் இரண்டு அங்குல ஆழத்தில் வைத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு காந்தள் இருந்தது. அது கோடையில் மண்ணுக்குள் உறங்குவதை அறியாமல், பட்டுப்போகிறதே என்று நாள்தோறும் தண்ணீர் ஊற்றிக் கிழங்கை அழுகச் செய்தேன். அந்தத் தவறு இம்முறை நேரக் கூடாது.

ஆகஸ்ட் 14
மூன்று முளைகள் வந்துவிட்டன. நான்காவதைத் தோண்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் முளை ஒடியும்.

ஆகஸ்ட் 30
கொடி முழங்கால் உயரம். காந்தளுக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்கிறது. அந்தச் சுருள் மிகச் சிறியது என்பதால் தடித்த மூங்கிலை அதனால் பிடிக்க முடியாது. வயல்களில் கிளுவை வேலியிலும் கம்பிப் பந்தலிலும் படர விடுகிறார்கள். நான் காய்ந்த மிளாறுகளை ஊன்றினேன். இரண்டே நாளில் இலைகள் அவற்றைச் சுற்றிக்கொண்டன.

செப்டம்பர் 9
கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் கொண்ட புழுக்கள் ஒரு கொடியின் இலைகளைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டன. ஆடு தின்றால் செத்துப்போகும் இந்த இலையையே உணவாகக் கொண்டு வாழும் புழு அது. கையுறை போட்டுப் பொறுக்கி எடுத்து, எஞ்சியவற்றுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தேன்.

அக்டோபர் 17
முதல் பூ. காலையில் பச்சைப் பூவாகத் தலைகவிழ்ந்து விரிந்தது. இதழ்கள் ஆறும் நெளிந்த விளிம்போடு பின்னோக்கி மடங்கி வானைப் பார்க்க, மகரந்தத் தாள்கள் ஆறும் குடைக்கம்பிகள்போலப் பக்கவாட்டில் பரந்து நிற்கின்றன. இனி அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும் ஏறி, நாளடைவில் பூ முழுவதும் செக்கச் சிவக்கும். சங்கப் புலவர்கள் மகளிர் விரலுக்குக் காந்தளை ஏன் உவமை சொன்னார்கள் என்பதை, விரிவதற்கு முன் நீண்டு குவிந்திருந்த மொட்டைப் பார்த்தபோதே புரிந்துகொண்டேன்.

அக்டோபர் 20
சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கிறது. தன் மகரந்தம் தன்மேலேயே எளிதில் விழாதிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. விதைக்காகப் பயிரிடுபவர்கள் காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். நானும் ஒரு கொடியின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து மற்றொன்றின் சூல்முடியில் தொட்டு வைத்தேன்.

நவம்பர் 22
நல்ல மழை. தொட்டியில் நீர் தேங்கவில்லை. பச்சைக் காய்கள் தொங்குவதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "சமைக்கலாமா?" என்று கேட்டார். செடி முழுவதும் நஞ்சு என்பதையும், கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் செல்கள் பிரிவதையே தடுத்துவிடும் என்பதையும் விளக்கினேன். மூட்டு வீக்கத்துக்கு மருத்துவர் அளந்து தரும் மாத்திரையும் அதுவேதான். வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று உயிர் இழந்தவர்கள் உண்டு. அன்று மாலையே, குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி தொட்டியை மாடிக்கு மாற்றினேன்.

ஜனவரி 12
இலைகள் பழுக்கின்றன. இரண்டு காய்கள் வெடித்து, செந்நிற விதைகள் தெரிகின்றன. இன்றோடு தண்ணீரை நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 28
கொடி முற்றும் காய்ந்த பின் மண்ணைக் கையால் விலக்கினேன். ஜூலையில் வைத்த கிழங்குகள் வற்றித் தோலாகிக் கிடந்தன. அவற்றின் இடத்தில் புதிய கிழங்குகள் மூன்று, ஒவ்வொன்றும் இரு கைகளோடு, நுனி ஒடியாமல் இருந்தன. முளைக்காத நான்காவது முழுவதும் அழுகியிருந்தது. மூன்றையும் உலர்ந்த மணலில் புதைத்து, பெட்டியின்மேல் 'நஞ்சு' என்று பெரிதாக எழுதி, பரணில் ஏற்றினேன். ஆடி வரை அவற்றுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது.