பெயர் கேட்ட பைதன்

“மாமா, இது ஏன் என்ர பேரைக் கேக்குது?”

கொக்குவிலில் அக்கா வீட்டு விறாந்தை. மருமகள் உயர்தரத்துக்கு ஐசிடி என்ற கணினிப் பாடம் படிக்கிறாள், தமிழ் மீடியம். பைதன் மொழியில் அவள் எழுதிய நிரலுக்குத் திரையில் ‘நேம் எரர்’, அதாவது பெயர்ப் பிழை, என்று ஒரு சிவப்பு வரி.

நிரலின் தலையில் தன் முழுப்பெயரையும் எழுதிப் பார்த்திருக்கிறாள், பிள்ளை!

நடந்தது இதுதான். மேலே ‘விலை’ என்று ஒரு மாறி (மதிப்பொன்றை வைத்திருக்கும் பெயர்) வைத்தவள், கீழே ‘விளை’ என்று எழுதிவிட்டாள். அந்தப் பெயர் பைதனுக்குத் தெரியாது. பைதன் 3இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பிழையை மட்டும் அது ஆங்கிலத்தில்தான் சொல்லும்.

பிழைச் செய்தியை முழுக்கத் தமிழாக்கினால் சரியா? கூகுளில் தேடினால் ஒன்றும் வராது, அது வேறு தலையிடி. மைக்ரோசொஃப்டின் சி++ கம்பைலர் (சி++ மொழி நிரலைக் கணினிக்கு மாற்றித் தரும் மென்பொருள்) பிழைக்கு ஒரு எண்ணும் தரும். அறிவிக்காத பெயரென்றால் சி2065, எந்த மொழியில் வந்தாலும் அதே எண். அப்படி ஒரு எண், ஆங்கில வரி, கீழே ‘இந்தப் பெயரில் மாறி இல்லை’ என்று தமிழில் ஒரு வரி. எனக்கு அது காணும்.

தேத்தண்ணியோடு வந்த அக்கா எட்டிப் பார்த்தா.

“ல, ள பிழையோ? இதுக்கு ஏன் கொம்பியூட்டர், தமிழ் ரீச்சரிட்டக் காட்டியிருக்கலாமே!”