மழைக்கு ஒதுங்கிய இடம்

திருவல்லிக்கேணி பெரிய தெருவில் சாயங்காலம் திடீர் மழை. ஓடிப்போய் இந்து மேல்நிலைப் பள்ளி வாசலில் ஒதுங்கினேன்.

பக்கத்தில் ஒரு பையன். ஆறாவது படிப்பானோ என்னவோ. இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஓடும் பூச்சுக் கோட்டை நகத்தால் தடவிக்கொண்டே நின்றான்.

"தாத்தா படிச்சப்பவும் இதே செவுருதானாம், அங்கிள்."

தாத்தா என்ன தாத்தா! இந்தச் சிவப்புக் கட்டடம் 1897-ஆம் ஆண்டுடையது. சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டி முடித்த அதே கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினின் வடிவமைப்பு. வளைவுகளைப் பார்த்தாலே இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும்.

ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போன அரசியல் தலைவர் சீனிவாச சாஸ்திரி தலைமையாசிரியராக இருந்த பள்ளி. பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய விஞ்ஞானி சந்திரசேகர் 1922 முதல் 1925 வரை படித்ததும் இங்கேதான். அவரும் ஏதாவது ஒரு மழைநாளில் இந்தச் சுவரைச் சுரண்டியிருப்பார், யார் கண்டது?

தெருவில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி ஆகிக்கொண்டிருக்கின்றன. போன வருடம் இருந்த திண்ணை இந்த வருடம் இல்லை.

சரி, மழை விட்டது. தாத்தா குடையோடு வந்தார். பேரனைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து மாடியைத்தான் பார்த்தார்.