மன்னார் சரி, கொழும்பு பிழை

பைதான் நிரலில் வரைபு போட உதவும் மென்பொருளான மேட்பிளாட்லிப்பில் தமிழ் சரியாக வரவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "கட்டமாக வருகிறதா, கலைந்து வருகிறதா?" என்றுதான். இரண்டும் வேறு வேறு நோய்.

வெள்ளவத்தையில் நான் வேலை செய்த ஆய்வு அலுவலகத்தில் அறிக்கைகள் மூன்று மொழியிலும் போகும். மாவட்ட வாரியாக மழைவீழ்ச்சி காட்டும் வரைபைத் தமிழில் போட்டதும் பெயர்கள் எல்லாம் வெறுங் கட்டங்களாக வந்தன. 2965ஆம் எழுத்து இல்லை என்று ஓர் எச்சரிக்கையும் வந்தது. ஒருங்குறியில் 2965 என்பது நம்முடைய 'க'. மென்பொருளின் இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழே கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை நிறுவினாலும் உடனே மாறாது. எழுத்துருப் பட்டியலை மேட்பிளாட்லிப் ஒரு தற்காலிகக் கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டு பழையதையே பார்க்கும். அந்தக் கோப்பை அழிக்கலாம். எழுத்துரு இருக்கும் இடத்தை நிரலிலேயே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது, அடுத்தவர் கணினியிலும் ஓடும்.

கட்டங்கள் போயின. மன்னார் அழகாக வந்தது. புள்ளி கொஞ்சம் விலகி நின்றாலும் வாசிக்கலாம். கொழும்புதான் பார்க்கச் சகிக்கவில்லை. 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டது, ழுவும் புவும் உடைந்து கிடந்தன. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் அதே கதி.

"தம்பி, வேற எழுத்துரு போட்டுப் பாருங்கோ" என்றார் மொழிபெயர்ப்புப் பிரிவு அக்கா. ஒருங்குறி எழுத்துரு எதைப் போட்டாலும் இதேதான் வந்திருக்கும். கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவருவதும் ழகரத்தையும் உகரத்தையும் ஒரே வடிவமாக்குவதும் ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நூலகங்களின் வேலை. நாங்கள் வைத்திருந்த மேட்பிளாட்லிப் பதிப்பு அப்படி எதையும் கூப்பிடாமல், எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். சிங்கள வரைபிலும் இதே கூத்துதான். அவர்களுடைய கொம்பும் இடப்பக்கம் நிற்பது.

வேடிக்கை என்னவென்றால், ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் போட்டால் எல்லாம் ஒழுங்காக வரும். கொம்பை முதலில் தட்டி, அப்புறம் எழுத்தைத் தட்டும் முறை அது; ழுவுக்கும் புவுக்கும் தனித்தனி விசை உண்டு. அடுக்குவது மட்டும் தெரிந்த மென்பொருளுக்கு அது போதும். அக்காவின் கோப்புகளும் பாமினியில்தான் இருந்தன. ஆனாலும் நான் இணங்கவில்லை. பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். பிடிஎஃபில் கொழும்பு என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆய்வு அறிக்கைக்கு அது சரிப்படாது.

ஸீலேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் தமிழ் ஒழுங்காக வரும், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்க வேண்டும். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது எஸ்விஜி என்ற படக்கோப்பு வடிவம். எழுத்தைக் கோடுகளாக்காமல் எழுத்தாகவே விடும்படி ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டுச் சேமித்து இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் கொம்பு தன் இடத்தில் நிற்கும். அச்சகத்தில் அந்த எழுத்துரு இருக்கும் என்று நம்ப முடியாததால், அவர்களுக்குப் போகும் பிரதியில் மட்டும் எழுத்துகளைப் பாதைகளாக மாற்றிவிடுவோம். மாற்றாத மூலக் கோப்பு எங்களிடமே இருக்கும். அக்காவிடமிருந்து கடைசி நேரத் திருத்தம் வராத அறிக்கை கிடையாது.