ஊரடங்கு காலத்துப் புதன்கிழமைகள்

தமிழ்நாட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குப் புதன்கிழமை என்றால் ஊசி நாள். ஆரம்ப சுகாதார நிலையமோ, ஊருக்குள் இருக்கிற துணை சுகாதார நிலையமோ, அன்றைக்குத்தான் கூட்டமும் அழுகையுமாக இருக்கும். என் மகன் 2020 பிப்ரவரி 18-ஆம் தேதி பிறந்தான். ஆறாவது வாரத்து ஊசிக்கு ஏப்ரல் முதல் புதன் என்று தாய் சேய் நல அட்டையில் பென்சிலால் குறித்துக் கொடுத்திருந்தார்கள். மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்துவிட்டது.

பிரசவத்துக்கு நான் தாய்வீடு வந்திருந்தேன். விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம். என் கணவர் சென்னையில் மாட்டிக்கொண்டார். பிறந்த வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனவர்தான், அதற்கப்புறம் மகனைப் பார்த்ததெல்லாம் வாட்ஸ்அப் வீடியோவில். கல்யாணம், சாவு, அவசர சிகிச்சை என்றால்தான் இ-பாஸ் என்றிருந்த காலம். பிள்ளை முகம் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

முதலில் இருந்த பயம் எல்லா வீட்டிலும் இருந்ததுதான். அப்பா கடைக்குப் போய்விட்டு வந்தால் நேராகக் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும். பிள்ளையைப் பார்க்க வந்த பெரியம்மாக்களை எல்லாம் திண்ணையோடு அனுப்பினோம். அதில் இன்றைக்கு வரைக்கும் ஒருத்தருக்கு மனத்தாங்கல் உண்டு. எனக்கே இருமல் வந்தால் பால் கொடுக்கலாமா என்று தெரியவில்லை. 104 சுகாதார உதவி எண்ணுக்கு ஃபோன் செய்து கேட்டேன். முகக்கவசம் போட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு கொடுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் பாலை நிறுத்தாதீர்கள் என்றார்கள். அந்தப் பதில் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

ஏப்ரல் முதல் புதன் வந்தது, போனது. எங்கள் ஊர் நர்சம்மாவுக்கு, அதாவது கிராம சுகாதார செவிலியருக்கு, ஃபோன் போட்டேன். "எங்கள எல்லாம் சர்வேக்குப் போட்டுட்டாங்கம்மா. வீடு வீடா காய்ச்சல் கணக்கு எடுத்துக்கிட்டு இருக்கேன். ஆரம்பிச்சதும் நானே கூப்பிடுறேன்" என்றார். டவுனில் நாங்கள் பார்க்கும் குழந்தை மருத்துவர் கிளினிக்கைப் பூட்டியிருந்தார். ஆனால் ஃபோனை எடுத்தார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அடுத்த பல மாதங்களுக்கு எனக்குக் கைகொடுத்தது.

அவர் சொன்னது இதுதான். ஆறு, பத்து, பதினான்கு வாரம் என்பது சீக்கிரம் பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக வைத்த கணக்கு. தள்ளிப் போனால் இடைப்பட்ட நாட்களில் பிள்ளைக்குப் பாதுகாப்பு குறைவு, அவ்வளவுதான். போட்ட ஊசி வீணாகாது, முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதும் இல்லை. விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். ஆனால் தாமதமாகிவிட்டதே என்று அடுத்தடுத்து அவசரமாகப் போடவும் கூடாது. ஒரு ஊசிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் குறைந்தது 4 வாரம் இருக்க வேண்டும். முதல் பென்டா ஊசியை ஒரு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்.

பென்டா என்பது ஐந்து நோய்க்கு ஒரே ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, அப்புறம் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் கொண்டுவருகிற ஹிப் கிருமி. இந்தப் பட்டியலை நான் வாசித்தபோது என் ஆயா கக்குவான் என்ற இடத்தில் நிறுத்தினார். அவர் பிள்ளைகளில் ஒன்று அதில்தான் போனது. "இருமி இருமி மூச்சு உள்ள இழுக்க முடியாது, நீலம் பாஞ்சுடும்" என்று மட்டும் சொன்னார். அதுவரைக்கும் "ஒரு மாசம் கழிச்சுப் போட்டா என்ன ஆயிடப்போவுது, வெளிய தூக்கிட்டுப் போகாத" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டிவியில் நாள் முழுக்கக் கொரோனா எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. கைக்குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் லேசாகத்தான் வந்து போகிறது என்று அந்த மருத்துவர் சொன்னார். கக்குவான் அப்படியில்லை. எனக்கு எது பெரிய பயமாக இருக்க வேண்டும் என்பது அந்த ஏப்ரல் மாதம் மாறிப்போனது.

அந்த மே மாதமே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் இதே கவலையைப் பெரிய அளவில் சொன்னார்கள். பெருந்தொற்றால் தடுப்பூசிப் பணி தடைபட்டு, ஒரு வயதுக்குட்பட்ட 8 கோடிக் குழந்தைகளுக்காவது ஆபத்து என்று.

ஏப்ரல் கடைசிப் புதன் நர்சம்மா கூப்பிட்டார். எல்லாரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு நேரம். துணை சுகாதார நிலையத்து வாசலில் பிளீச்சிங் பவுடரால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்கு ஒரு தாய். உள்ளே மேசை மேல் நீலநிறப் பெட்டி, அதற்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் மருந்துக் குப்பிகள். நர்சம்மா ஒரு குப்பியை எடுத்து, லேபிளில் இருந்த வட்டத்தை எனக்குக் காட்டினார். வட்டத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சதுரம். "சதுரம் வெளுப்பா இருக்கா பாரு. சூடு பட்டா அது கருத்துக்கிட்டே வரும். சுத்தி இருக்கிற கலருக்கு வந்துட்டா தூக்கிப் போட்டுடணும்." ஊரெல்லாம் கரண்ட், வண்டி, ஆள் எல்லாம் தாறுமாறாக இருக்கிறதே, மருந்து கெட்டுப் போயிருக்குமோ என்று நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனதை அவர் எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை.

வாயில் போலியோ சொட்டு, ரோட்டா வைரஸ் சொட்டு. வலது தோள்பட்டைப் பக்கம் தோலுக்குள் மட்டும் போகிற சின்னப் போலியோ ஊசி. கடைசியாக இடது தொடையில் பென்டா. அதற்குத்தான் அழுதான். முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார். "ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாத" என்று பாராசிட்டமால் சொட்டு மருந்தை எடைக்குத் தக்க அளவில் எப்படிக் கொடுப்பது என்று காட்டினார். ஊசி போட்ட இடத்தில் தேய்க்கவோ எதையும் பூசவோ கூடாது.

காய்ச்சல் வரும் என்பது தெரிந்த விஷயம்தான். பென்டாவில் இருக்கிற கக்குவான் மருந்து முழுக் கிருமியைக் கொன்று செய்வது, அதனால் காய்ச்சலும் வீக்கமும் கொஞ்சம் கூடுதல். தனியாரில் வலி குறைந்த ஊசி என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு போடுவதில் அந்தக் கக்குவான் பகுதி வேறு மாதிரி. வேறெந்த வருடமாக இருந்தாலும் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. 2020-இல் இருந்தது. காலையில் கணக்கெடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வியே "வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல், சளி இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்றால் டெஸ்ட், டெஸ்ட் என்றால் தனிமை முகாம் என்று ஊருக்குள் பேச்சு. பால்குடிப் பிள்ளையை வைத்துக்கொண்டு கல்லூரிக் கட்டடத்தில் எங்கே போய் இருப்பது? பக்கத்துத் தெருவில் இதற்குப் பயந்தே ஒருத்தி ஊசிக்கு வரவில்லை.

அன்று ராத்திரி அவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். காலையில் சர்வே ஆள் வந்தபோது அம்மா "யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு அட்டையை நீட்டி, நேற்று ஊசி போட்டது, அதனால் காய்ச்சல் என்றேன். அந்தப் பெண் தேதியைப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார், "நாளைக்கும் இருந்தா நர்சம்மாகிட்ட சொல்லுங்க" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. பக்கத்துத் தெருக்காரிக்கு அன்றைக்கே ஃபோனில் சொன்னேன்.

அடுத்த தவணை மே கடைசியில் வர வேண்டியது. நடுவில் கோயம்பேடு வந்து குறுக்கே நின்றது. எங்கள் பக்கத்திலிருந்து அந்தச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள் நிறைய. மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக லாரி பிடித்து ஊர் வந்தவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது. கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களில் எண்ணிக்கை சட்டென்று ஏறியது அப்போதுதான். எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு வந்தது. இரண்டு முனையிலும் சவுக்குக் கட்டை கட்டி அடைத்துவிட்டார்கள். கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் தடுப்பூசி முகாம் கிடையாது, தடை நீங்கிப் பதினான்கு நாள் ஆன பிறகுதான் என்பது அப்போதைய விதி. காய்கறி சவுக்குக் கட்டைக்கு மேலே கைமாறி வந்தது. ஊசி அப்படி வராதே.

எரிச்சல் இருந்தது. அதை அந்தக் குடும்பத்தின் மேல் காட்டியவர்கள் தெருவில் இருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்று பல மாதம் தடை போட்டவர்களும் உண்டு. தொற்று அந்த மனிதர் விரும்பி வாங்கி வந்ததா என்ன? சென்னைக்குக் காய்கறி இறக்கிக் கொடுத்த கூலி அது.

ஜூன் நடுவில்தான் இரண்டாவது பென்டா. அதிலிருந்து 4 வாரம் எண்ணி ஜூலையில் மூன்றாவது. பதினான்கு வாரத்தில் முடிய வேண்டியது ஐந்து மாதத்தில் முடிந்தது. இதில் ஒரு காசு விஷயமும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஒரு தவணைப் பணம் அப்போது மூன்றாவது பென்டா போட்ட பிறகுதான் வந்தது. ஊசி தள்ளினால் அதுவும் தள்ளும். ஊசி போட்ட விவரம் பிக்மி எண்ணில், அதாவது தாய்க்கும் சேய்க்குமான அரசுப் பதிவு எண்ணில், ஏறினால்தான் பணம் நகரும் என்பதால் நர்சம்மாவிடம் இரண்டு மூன்று முறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ராத்திரி வரைக்கும் கொரோனா பதிவு ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் முதல் தேதியோடு மாநிலத்துக்குள் இ-பாஸ் போனது. 7-ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கியது. ஆனாலும் கார் பிடித்துத்தான் சென்னை வந்தோம். மகன் அப்பாவை நேரில் பார்த்ததும் வீறிட்டு அழுதான். ஃபோனுக்குள் இருந்தவரைப் பார்த்தால் சிரிப்பான்! ஒரு வாரம் அவர் பொறுமையாக இருந்தார், சரியாகிவிட்டது.

ஒன்பது மாத தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு நவம்பர். ஊர் மாறினாலும் பிக்மி எண் ஒன்றேதான், அட்டையைக் காட்டினால் போதும் என்று நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டபோது அடுத்த புதன் வாருங்கள் என்றார்கள். அந்தப் புதன் நவம்பர் 25. நிவர் புயல்! அரசு விடுமுறை. இந்தப் பிள்ளை ஜாதகத்தில் புதனே சரியில்லை என்றார் அம்மா ஃபோனில். அதற்கடுத்த வாரம் போட்டுக்கொண்டோம். ஆயா இதை மட்டும் இரண்டு முறை விசாரித்தார். தட்டம்மையை அவர் மணல்வாரி என்பார், அதற்கு ஊசி இருக்கிறது என்பதே அவருக்கு ஆச்சரியம்.

2021 ஜூனில் பதினாறு மாத பூஸ்டர் வந்தபோது இரண்டாம் அலை. மறுபடி முழு ஊரடங்கு. இந்த முறை நான் பதறவில்லை. பதினாறிலிருந்து இருபத்து நான்கு மாதத்துக்குள் போட்டால் போதும் என்பது தெரியும். ஜூலை கடைசியில் கூட்டம் குறைந்ததும் போய் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கான ஊசி), இரண்டாவது தட்டம்மை ரூபெல்லா, போலியோ சொட்டு மூன்றையும் ஒரே நாளில் முடித்தோம். மூன்றாம் அலை குழந்தைகளைத்தான் குறிவைக்கும் என்ற ஃபார்வர்டுகள் குடும்ப குரூப்பில் குவிந்துகொண்டிருந்த நேரம் அது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லியிருந்ததை நான் அனுப்பினேன். ஒருத்தரும் படித்த மாதிரி தெரியவில்லை.

2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாத பிள்ளைகள் என்று செய்தியில் படித்தேன். அன்றைக்கே பக்கத்துத் தெருக்காரிக்கு மறுபடி ஃபோன் செய்தேன். அவள் பெண்ணுக்கு 2020 ஆகஸ்டில்தான் முதல் பென்டாவே போட்டிருந்தாள், தட்டம்மை ஊசி ஒன்றுதான் ஆகியிருந்தது. இரண்டாவது தவணைக்கு வயது தாண்டிவிட்டது என்று விட்டுவிட்டாளாம். ஐந்து வயது வரைக்கும் போடலாம் என்றேன். அடுத்த புதன் கூட்டிக்கொண்டு போய்விட்டு, அட்டையை ஃபோட்டோ எடுத்து அனுப்பினாள்.