வெள்ளையும் கறுப்பும்: நெஞ்சக வார்டு நாட்குறிப்பு

அக்டோபர் 21, திங்கள்

நெஞ்சக நோய்ப் பிரிவில் போஸ்டிங் இன்று ஆரம்பம். ரவுண்ட்ஸ் முடிந்ததும் சீஃப் ஒரு எக்ஸ்ரேவை வியூ பாக்ஸில் செருகி "சொல்லும்மா" என்றார். பார்த்த மாத்திரத்தில் இதயம் பெரிசாகத் தெரிந்தது, உடனே சொல்லிவிட்டேன். "யாரோட இதயம்?" என்றார். ஃபிலிமில் இருந்த பெயரை நான் படிக்கவே இல்லை. இடது, வலது எழுத்து எங்கே இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் ஃபிலிமைத் திருப்பி மாட்டினால் யாருக்கு வேண்டுமானாலும் இதயம் வலப்பக்கம் போய்விடும்.

அதைவிடப் பெரிய சொதப்பல், அது படுக்கையில் வைத்தே முன்பக்கமிருந்து எடுத்த ஏ.பி. படம். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருக்கிறது, படம் பதியும் தட்டு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் நிழல் பெருத்து விழும். கரண்ட் போன இரவில் மெழுகுவர்த்தி பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுவரில் பூதம் மாதிரி தெரியுமே, அதே கணக்குதான். இதயத்தின் அகலம் நெஞ்சின் அகலத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்கிற விதி, நிற்க வைத்துப் பின்னாலிருந்து எடுக்கிற பி.ஏ. படத்துக்கு மட்டும்தான். விதியை மனப்பாடம் செய்திருந்தேன், அது எந்தப் படத்துக்கு என்பதை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 23, புதன்

விலா எலும்பு எண்ணினேன். நாள் முழுக்க. முன்பக்கம் ஆறு, இல்லையென்றால் பின்பக்கம் ஒன்பது பத்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்துக்கு மேலே தெரிந்தால் ஆள் நன்றாக மூச்சை இழுத்திருக்கிறார் என்று அர்த்தம். பாதி மூச்சில் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி வெள்ளையாகத் தெரியும், நிமோனியா என்று எழுதிவிடத் தோன்றும். ராத்திரி கண்ணை மூடினாலும் விலாதான்.

அக்டோபர் 28, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஓ.பி.யில் இருபது வயதுப் பெண், இரண்டு வாரமாக இருமல். படத்தில் வலது நுரையீரலின் உச்சியில் திட்டுத்திட்டாக வெள்ளை. இருமல், உச்சி, நம் ஊர். டி.பி. இல்லாமல் வேறென்ன? மனசுக்குள் மருந்துச்சீட்டே எழுதி முடித்துவிட்டேன்.

மேல்படிப்பு படிக்கிற பி.ஜி. அக்கா படத்தைப் பார்த்தார், அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடை, தோளுக்கு முன்னால் தொங்கியது. "அந்த வெள்ளை எங்கே முடியுது பாரு" என்றார். காரை எலும்பைத் தாண்டி, நுரையீரலே இல்லாத கழுத்துவரைக்கும் போகிறது! நுரையீரல் நோய் கழுத்துக்கு ஏறாது. சடையைத் தூக்கிக் கொண்டை போட்டு மறுபடி எடுத்தார்கள், உச்சி சுத்தமாக இருந்தது. இருமலுக்காகச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அது தனி. தினமும் காலையில் சடை பின்னிக்கொண்டு வருகிற எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். தாலிக்கொடியில் கோத்த ஊக்குகள்கூட இங்கே அடிக்கடி வரும், ஆனால் ஊக்கு ஊக்காகவே தெரிவதால் பரவாயில்லை.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி முடிந்து இளைப்புக்காரர்கள் கூட்டம். அவர்களுடைய படங்களில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, நோய் காதில் கேட்கிறது, கண்ணுக்குச் சிக்குவதில்லை.

இடையில் சில்ஹவுட் சைன், அதாவது நிழலின் ஓரம் அழிவதை வைத்து நோயின் இடத்தைக் கண்டுபிடிப்பது, புரிந்தது. ஃபெல்சன் என்ற அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் பிரபலமாக்கியது. வெள்ளை வேட்டிக்காரர் சுண்ணாம்புச் சுவரை ஒட்டி நின்றால் வேட்டியின் ஓரம் தெரியாது. இதயத்துக்குப் பக்கத்தில் காற்று இருப்பதால்தான் அதன் ஓரம் கோடாகத் தெரிகிறது. வலது நுரையீரலின் நடு மடலில் காற்றுக்குப் பதில் சீழ் நிரம்பினால் இதயத்தின் வலது ஓரம் அழிந்துபோகும். கீழ் மடலில் நிரம்பினால் இதய ஓரம் அப்படியே இருக்கும், உதரவிதானத்தின் கோடு போய்விடும். ஆக, தெரிகிற வெள்ளையைத் தேடுவதை விட்டுவிட்டு, தெரிய வேண்டிய கோடு எங்கே காணோம் என்று தேட வேண்டும். இரண்டு வாரத்தில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் கொடுத்த விஷயம் இது.

நவம்பர் 8, வெள்ளி

1895-ல் இதே நாளில்தான் ரான்ட்கன் இந்தக் கதிரைக் கண்டார். அந்த டிசம்பரில் மனைவியின் கையைப் படம் எடுத்தார், விரல் எலும்பில் மோதிரம் கறுப்பாகத் தொங்கும் அந்தப் படம். (நம் ஊக்குகளுக்கு அதுதான் மூத்தது.)

சீஃப் காட்டிய படத்தில் இடப்பக்கம் அடியில் வெள்ளை, மேல்விளிம்பு குழிந்து அக்குள் பக்கம் ஏறுகிறது. "ப்ளூரல் எஃப்யூஷன் சார்" என்றேன், கம்பீரமாக. நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். "சரி. அப்புறம்?" மூச்சுக்குழல் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தேன், தண்ணீர் அதிகமானால் எதிர்ப்பக்கம் தள்ளும், நுரையீரல் சுருங்கினால் தன் பக்கம் இழுக்கும். நடுவில்தான் இருந்தது, அதையும் சொன்னேன். "அப்புறம்?" இல்லை சார். அவர் ஒன்றும் பேசாமல் வலது காரை எலும்பில் விரலை வைத்தார். எலும்புக்குப் பின்னால் காலணா அளவு ஒரு வளையம், நடுவில் கறுப்பு. நுரையீரலுக்குள் குழி.

தண்ணீரைக் கண்டுபிடித்த நொடியே என் கண் வேலையை நிறுத்திவிட்டது. பெரிய திருடனைப் பிடித்த சந்தோஷத்தில் கொல்லைக்கதவைப் பூட்டாமல் விட்டது மாதிரி. உச்சி, இதயத்தின் பின்புறம், நுரையீரல் வேர், உதரவிதானத்துக்குக் கீழே: இந்த நாலு இடத்தையும் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் ஃபிலிமைக் கழற்றக்கூடாது என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மழையில் ஹாஸ்டல் போய்ச் சேருவதற்குள் அழிந்துவிட்டது.

நவம்பர் 13, புதன்

எட்டாம் படுக்கைத் தாத்தா நாளை வீட்டுக்குப் போகிறார். நிற்க வைத்து எடுத்த புதுப் படத்தை நானே பார்த்தேன். பெயர், பக்கம், விலா, ஓரங்கள், உச்சி, எல்லாம் பத்து நிமிஷம். நார்மல் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அவரிடமும் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தவர், இடப்பக்கம் உதரவிதானத்துக்குக் கீழே விரலை வைத்து, "இது என்னம்மா, கறுப்பா ஓட்டை?" என்றார்.

அங்கே நான் பார்க்கவே இல்லை. வயிற்றில் இருக்கிற காற்றுதான், நின்றால் மேலே வந்து குமிழாக நிற்கும், இருக்க வேண்டியதுதான். வலப்பக்கம் ஈரலுக்கு மேலே பிறை மாதிரி கறுப்பாக இருந்திருந்தால் குடலில் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். நல்லவேளை, அந்தப் பக்கம் வெள்ளைதான்.

"அது வயித்துல இருக்கிற காத்து, தாத்தா."

"அப்போ ஏப்பம் விட்டா போயிருமா?"